சீனி பார்க்கும் மெஷினை எவ்வளவு நம்பலாம்?

சாய்ந்தமருதில் என் சாச்சி வீட்டில் ஒரு நோன்பு மாலை. மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. சாச்சி குசினியில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் மாத்திரை. "தலை ஒரு மாதிரிக் கிறுகிறுக்குது மனே" என்றார். அவருடைய மகன் மெஷினைக் கொண்டுவந்தான். சாச்சி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலை நீட்டினார். திரையில் 263. "கூடித்தான் இருக்கு, குறையல்ல" என்று வீட்டில் எல்லோருக்கும் ஆறுதல். எனக்கு மனம் ஒப்பவில்லை. சஹருக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதவருக்கு நெற்றி வியர்த்திருந்தது, கை நடுங்கியது. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவச் சொல்லி, ஈரம் போகத் துடைத்து, மற்றக் கையில் குத்திப் பார்த்தோம். 64. பாங்கு சொல்லும்வரை காத்திருக்கவில்லை. கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தின்றே சாச்சி நோன்பை முறித்தார்.

மெஷின் இரண்டு தடவையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முதல் தடவை சாச்சியின் குருதியோடு விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றையும் சேர்த்து அளந்துவிட்டது, அவ்வளவுதான். இன்றைய ஸ்ட்ரிப் ஒன்றுக்குத் தேவைப்படும் குருதி ஏறத்தாழ அரை மைக்ரோலீற்றர். ஒரு டெசிலீற்றரில் 100 மில்லிகிராம் சீனி உள்ள குருதியில் அந்த அரை மைக்ரோலீற்றருக்குள் இருக்கும் குளுக்கோஸ் அரை மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபது இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத ஒரு துளி பழப்பசை அதை இரண்டு மடங்காகவோ நான்கு மடங்காகவோ ஆக்கிவிடும். யப்பானிய மருத்துவர்கள் இதைச் சோதித்து 2011இல் டயபட்டீஸ் கெயார் சஞ்சிகையில் எழுதினார்கள். தோடம்பழம், திராட்சை, கிவி ஆகியவற்றைத் தோலுரித்த கையில் அப்படியே குத்தினால் எண் தாறுமாறாக ஏறியது. மதுசாரப் பஞ்சால் துடைத்த பிறகும் ஏற்றம் போகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய கையில் மட்டும் உண்மையான அளவு வந்தது. நோன்பு திறக்க ஆயத்தம் செய்யும் வேளையில் எங்கள் வீட்டுப் பெண்களின் கைகள் எதில் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஆய்வைக் கல்முனைக் கரைக்காகவே செய்தது போல இருக்கிறது.

எங்கள் கரையில் இது சின்ன விடயம் அல்ல. 2005, 2006 ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையின் வயது வந்தோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. 2018, 2019 ஆண்டுகளில் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு 23 வீதம் என்றது. இரண்டின் முறைகளும் ஒன்றல்ல. ஆனாலும் போகிற திசையில் சந்தேகம் இல்லை. மருதமுனையிலிருந்து நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால், தொலைக்காட்சிக்குப் பக்கத்திலோ அலுமாரியின் மேல்தட்டிலோ அந்தச் சின்னக் கறுப்புப் பையைக் காண்கிறேன். வாங்கியாயிற்று. அது காட்டும் எண்ணை எப்படி வாசிப்பது என்பதைத்தான் எவரும் சொல்லித் தரவில்லை.

விரலில் குத்திப் பார்க்கும் வழக்கத்துக்கு வயது அதிகமில்லை. 1965இல் எய்ம்ஸ் கம்பனியின் டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் வந்தது. அதில் குருதித் துளியை வைத்துக் கழுவி, நிற அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் மதிப்பிட வேண்டும். 1970இல் அந்த நிறத்தை வாசிக்கும் மீற்றர் வந்தது, அதுவும் வைத்தியரின் மேசைக்குத்தான். 1987இல் பேனா அளவிலான எக்ஸாக்டெக் மின்னோட்டத்தை அளந்து சீனியைச் சொன்னது. இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. ஸ்ட்ரிப்பின் முனையில் காய்ந்த நொதியம் ஒன்று பூசப்பட்டிருக்கும். அது குருதியிலுள்ள குளுக்கோஸோடு சேரும்போது இலத்திரன்கள் வெளிவரும். மெஷின் அவற்றை எண்ணுகிறது. வேதியியல் முழுவதும் ஸ்ட்ரிப்பில்தான். மெஷின் வெறும் கணக்குப்பிள்ளை. "மெஷின் பழுது" என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் பழுதானது ஸ்ட்ரிப் என்பது என் அனுபவம்.

சரி, ஒழுங்காகச் செய்யப்பட்ட கருவி எவ்வளவு பிழை விடலாம்? இதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட விடை உண்டு. ஐ.எஸ்.ஓ. 15197 என்ற நியமத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சீனி 100க்குக் கீழ் இருந்தால் ஆய்வுகூட அளவிலிருந்து 15 மில்லிகிராம் கூடலாம், குறையலாம். 100உம் அதற்கு மேலும் என்றால் 15 வீதம் கூடலாம், குறையலாம். நூறு அளவீடுகளில் தொண்ணூற்றைந்து இந்த எல்லைக்குள் வந்தால் கருவி தேறியது. அதாவது மீதி ஐந்து வெளியே போகலாம் என்பதும் நியமத்துக்குள் அடக்கம். நாளுக்கு மூன்று தடவை குத்துபவர் மாதத்தில் தொண்ணூறு தடவை பார்க்கிறார். நல்ல கருவியிலேயே அதில் நான்கைந்து எண்கள் எல்லை தாண்டலாம்.

இதைப் புரிந்துகொண்டால் வீடுகளில் நடக்கும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். காக்கா வீட்டு மெஷினில் 126, தம்பி வீட்டு மெஷினில் 148, ஒரே விரல், ஒரே நேரம். எது பொய்? உண்மை அளவு 137 என்று வையுங்கள். 15 வீதக் கணக்கில் 116இலிருந்து 158 வரை எதைக் காட்டினாலும் அந்தக் கருவி தேறியதே. இரண்டும் பொய் சொல்லவில்லை. திரையில் ஒற்றை எண்ணாகத் தெரிவது உண்மையில் ஒரு வரம்பு. 137 என்று வாசிப்பதை விட "நூற்றி இருபது, நூற்றி அறுபதுக்குள்ளே எங்கேயோ" என்று வாசிப்பதே சரியான வாசிப்பு.

எல்லாப் பிழையும் ஒரே பாரம் உடையதும் அல்ல. 1987இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் கிளார்க்கும் அவரோடு இருந்தவர்களும் ஒரு கட்டப்படம் வரைந்தார்கள். உண்மை அளவு ஒரு பக்கம், கருவியின் அளவு மறுபக்கம். படத்தை ஐந்து வலயங்களாகப் பிரித்து அவர்கள் கேட்ட கேள்வி, "எத்தனை வீதம் பிழை?" என்பதல்ல, "இந்தப் பிழையை நம்பினால் நோயாளிக்கு என்ன நடக்கும்?" என்பது. 240ஐ 290 என்று காட்டினால் பெரிய கேடில்லை; இரண்டிலும் முடிவு ஒன்றுதான். 58ஐ 110 என்று காட்டினால் ஆள் மயங்கி விழுவார். கருவியின் நம்பகத்தை எடைபோட எனக்குத் தெரிந்த அளவுகோல்களில் இதுவே மேலானது. எண் எவ்வளவு தூரம் விலகியது என்பதைப் பிறகு பார்க்கலாம். முடிவு மாறியதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் அந்த முடிவு மிகக் கூர்மையாக வந்து நிற்கும் இடம் ரமழான். 2001இல் பதின்மூன்று நாடுகளில் 12,243 முஸ்லிம் நீரிழிவு நோயாளர்களிடம் நடந்த எபிடியார் ஆய்வில், முதலாம் வகையினரில் 43 வீதமானோரும் இரண்டாம் வகையினரில் 79 வீதமானோரும் குறைந்தது பதினைந்து நோன்பாவது நோற்றிருந்தார்கள். அந்த மாதத்தில் கடுமையான சீனிக் குறைவு முதலாம் வகையினருக்கு 4.7 மடங்கும் இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவு ரமழான் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இரண்டு எல்லைகளைச் சொல்கிறது: சீனி 70க்குக் கீழ் இறங்கினால் அல்லது 300க்கு மேல் ஏறினால் நோன்பை முறிக்க வேண்டும். எண் என்னவாக இருந்தாலும், குறைவின் அறிகுறி கண்டாலும் முறிக்க வேண்டும் என்கிறது.

இப்போது அந்த 70ஐ நியமத்தோடு சேர்த்துப் பாருங்கள். உண்மையில் 70 இருக்கும் ஒருவருக்கு, தேறிய கருவி 55ஐயும் காட்டலாம், 85ஐயும் காட்டலாம். அஸருக்குப் பிறகு 78 என்று கண்டு "எழுபதுக்கு மேலதானே, இன்னும் ஒரு மணித்தியாலம்தானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவரின் குருதியில் உண்மையாக 63 இருக்கலாம். பெரும்பாலானோர் 70ஐக் கோடாக நினைக்கிறார்கள். கருவிக்கு அது கோடு அல்ல, ஒரு வயல் வரம்பு அகலத்துக்குப் பரந்த இடம். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை எடுப்பவரும் இன்சுலின் போடுபவரும் எண்பதுக்குக் கீழ் கண்டால், கையைக் கழுவி மறுபடி பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. வியர்வையும் நடுக்கமும் ஒன்றைச் சொல்லி மெஷின் வேறொன்றைச் சொன்னால் உடம்பு சொல்வதையே நம்புங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது சூறதுல் பகராவிலேயே உள்ள விடயம். விரலில் குத்தி ஒரு துளி குருதி எடுப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட தீர்ப்பு. ஆனாலும் பகலில் குத்தப் பயந்து மாலைவரை பார்க்காமலே இருக்கும் மூத்தம்மாக்களை நான் இன்னமும் காண்கிறேன். பயான்களில் இதை ஒரு தடவை சொன்னால் போதாது, வருடா வருடம் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரிப்புக்கு வருவோம். பெரும்பாலான போத்தல்களில் 30 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்முனையில் தகரக் கூரை வீட்டின் அலுமாரி மேல்தட்டு எத்தனை பாகையில் இருக்கும்? வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில்? மாரியில் வேறு தொல்லை: ஈரக் காற்று. போத்தலின் உள்சுவரில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதற்காகத்தான். மூடியைத் திறந்தே வைத்தால் அதற்கு வேலை இல்லை. இன்சுலினோடு சேர்த்து ஸ்ட்ரிப்பையும் பிரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்து உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும், அதுவும் கேடு. வீட்டின் நடு அறையில், நிழலான இழுப்பறையில், மூடி இறுக்கி வையுங்கள்.

2022இல் டொலர் ஒன்று இரண்டு மூன்று மாதங்களுக்குள் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை போனபோது இறக்குமதிச் சாமான் எல்லாவற்றோடும் ஸ்ட்ரிப்பும் விலை ஏறியது. அப்போதிருந்து ஒரு பழக்கத்தை எங்கள் பக்கம் காண்கிறேன். ஒரு போத்தலை வாங்கி இரண்டு மூன்று வீடுகள் பிரித்துக்கொள்கின்றன. கடதாசியில் சுற்றிய பத்து ஸ்ட்ரிப்கள் ஒரு வீட்டுக்கு. பணமில்லாத கொடுமையில் செய்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போத்தலை விட்டு வெளியே வந்த ஸ்ட்ரிப்புக்கு உத்தரவாதம் இல்லை. பகிர வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் வரும் வகையை வாங்கிப் பகிருங்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் மெஷின்களும் ஒரு தலையிடி. லண்டனிலிருந்து வந்த கருவி லீற்றருக்கு மில்லிமோல் கணக்கில் காட்டும். அதில் 7.2 என்றால் நம் கணக்கில் 130; பதினெட்டால் பெருக்க வேண்டும். புள்ளியைக் கவனிக்காமல் 72 என்று வாசித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்தக் கருவிக்குரிய ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காதபோது, பார்வைக்கு ஒன்று போலிருக்கும் வேறொன்றைச் செருகுவது இன்னும் மோசம்.

குருதியே கருவியை ஏமாற்றுவதும் உண்டு. செங்குழியங்கள் குறைந்தவருக்கு, அதாவது குருதிச்சோகை உள்ளவருக்கு, பல கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். செங்குழியங்கள் கூடியவருக்குக் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளரும் இதை வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். வயிற்றுவழிச் சுத்திகரிப்பில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பாவிப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. அதிலிருந்து உண்டாகும் மோல்ற்றோஸைக் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும் ஒரு வகை ஸ்ட்ரிப் இருந்தது. பொய்யான உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டு நேர்ந்த 13 மரணங்களை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எடுத்துக்காட்டி எச்சரித்தது.

கிளினிக் வாசலில் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "லேப்ல 138, வீட்ல 161. மெஷின் பொய்." இந்த வழக்கில் லேப்பையும் கூண்டில் ஏற்ற வேண்டும். நரம்பில் எடுத்த குருதி குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள கலங்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரண அறை வெப்பத்தில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை. புளோரைட் போட்ட குழாய் அதைத் தடுக்கும். ஆனால் முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முழுதாகத் தடுக்காது. காலை ஆறு மணிக்கு வீடு வீடாகக் குருதி சேர்த்து, ஓட்டோவில் ஊர் சுற்றி, எட்டரைக்கு லேப்புக்குப் போகும் குழாயில், எடுத்த நேரத்திலிருந்த 156 என்பது 138 ஆகியிருக்கலாம். அப்போது உண்மைக்குக் கிட்ட நின்றது வீட்டு மெஷின்தான். இன்னொன்று, சாப்பிட்ட பிறகு விரல்நுனிக் குருதியில் சீனி நரம்புக் குருதியைவிட ஐந்தில் ஒரு பங்கு, சில வேளை அதற்கும் மேலாகக் கூட இருக்கும். வெறும் வயிற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. வட்டிலப்பமும் பிரியாணியும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் இரண்டையும் ஒப்பிட்டுக் கருவியைக் குற்றம் சொல்வது நியாயமான விசாரணை ஆகாது.

நியாயமான விசாரணை இப்படி இருக்கும். வெறும் வயிற்றில் போங்கள். நரம்பில் குருதி எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், கழுவி உலர்ந்த விரலில் உங்கள் மெஷினால் பாருங்கள். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள், விரலைப் பிழியாதீர்கள். குழாயை உடனே சுழற்றிப் பிரிக்கும் லேப்பாக இருக்கட்டும். முடிவு வந்ததும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லேப் எண்ணால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 15க்குள் வந்தால் நல்லது. ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், மூன்று கிளினிக்கில் மூன்று தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாக 20 வீதத்துக்கு மேல் விலகினால் முதலில் புதிய ஸ்ட்ரிப் போத்தல் ஒன்றை முயலுங்கள். அதிலும் விலகினால் மெஷினை மாற்றுங்கள். பல கம்பனிகள் சோதனைத் திரவம் ஒன்றையும் விற்கின்றன. அதில் ஒரு துளி வைத்தால் போத்தலில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். பாமசியில் அதையும் கேளுங்கள். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.வன்.சி. சோதனையும் துணைக்கு வரும்: அதில் 7 வீதம் என்றால் சராசரிச் சீனி 154 அளவில் இருக்கும். உங்கள் கொப்பியில் எல்லாம் 110, 120 என்று இருக்க அந்தச் சோதனை 9 என்று சொன்னால், நீங்கள் குத்தாத வேளைகளில் ஏதோ நடக்கிறது, அல்லது கருவி விலகியிருக்கிறது. குருதிச்சோகை உள்ளவரில் அந்தச் சோதனையும் வழி தவறும் என்பதை மறக்க வேண்டாம்.

தனியாளின் கவனத்தோடு இது முடியாது. அமெரிக்காவில் அனுமதி பெற்று விற்பனையில் இருந்த 18 கருவிகளை நீரிழிவுத் தொழில்நுட்பச் சங்கம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. எல்லாச் சுற்றிலும் தேறியவை ஆறு மட்டுமே. அனுமதி கொடுக்கும்போது ஒரு தடவை பார்ப்பது போதாது, கடைக்கு வந்த பிறகும் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கு மருத்துவக் கருவிகளும் பொறுப்பு. கல்முனைச் சந்தையில் மீன் நிறுக்கும் தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் வருடா வருடம் முத்திரை குத்துகிறது. ஒரு கிலோ சூரையில் ஐம்பது கிராம் குறைந்தால் கேட்க ஆள் உண்டு. எத்தனை அலகு இன்சுலின் போடுவது என்று சொல்லும் கருவியை, வாங்கிய நாளுக்குப் பிறகு எவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. இது எனக்கு ஏற்க முடியாத நிலை.

இனி வருவதைப் பற்றிச் சுருக்கமாக. கையில் ஒட்டும் உணரிகள் 2014இலிருந்து பரவின. அவை குருதியை அல்ல, தோலுக்கடியிலுள்ள திரவத்தை அளக்கின்றன. சீனி வேகமாக ஏறி இறங்கும்போது ஐந்து பத்து நிமிடம் பின்தங்கும். இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு அவை பெரும் பேறு; விலைதான் எட்டவில்லை. தோலைக் குத்தாமலே சீனி சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரம் வருகிறதே, அவற்றை வாங்காதீர்கள். அப்படி ஒன்றுக்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது.

எல்லோரும் தினமும் குத்த வேண்டும் என்பதும் இல்லை. வட கரோலைனாவில் இன்சுலின் போடாத 450 பேரை ஒரு வருடம் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், தினமும் குத்தியவருக்கும் குத்தாதவருக்கும் சீனிக் கட்டுப்பாட்டில் வித்தியாசம் காணப்படவில்லை. மெற்போமின் மட்டும் எடுப்பவர் நாள்தோறும் ஒரு ஸ்ட்ரிப்பைச் செலவழித்து, எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஒன்றையும் மாற்றாமல் இருப்பதில் பலன் இல்லை. அந்த ஸ்ட்ரிப்களைக் காய்ச்சல் வரும் நாளுக்கும், மருந்து மாற்றிய வாரத்துக்கும், நோன்புக்கும் சேர்த்து வைக்கலாம்.

நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே வைத்தியரைக் காண வேண்டும் என்பது அந்த ரமழான் வழிகாட்டியின் இன்னொரு சொல். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ, வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ, உங்கள் ஊர்க் கிளினிக்குக்கோ அந்த முறை போகும்போது கொப்பியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். மெஷினையும் ஸ்ட்ரிப் போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள். நரம்பில் குருதி எடுத்த கையோடு, மற்றக் கை விரலில் நீங்களும் ஒரு தடவை குத்தி, இரண்டு எண்களையும் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வையுங்கள். குத்துவதற்கு முன்னர் கையைக் கழுவுங்கள்.